தண்டவாள விரிசலைக் காயில் (கம்பிச்சுருள்) வைத்துப் பிடிப்பது எப்படி: நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

‘தண்டவாள விரிசல் கண்டுபிடிக்கும் ரோபோ’ என்று கல்லூரிக் கண்காட்சிகளுக்கு வரும் வண்டிகளில் பல விரிசலைப் பார்ப்பதே இல்லை. அடியில் ஒரு எம்18 பிராக்ஸிமிட்டி சென்சர் இருக்கும். எதிரில் இரும்பு இருக்கிறதா, இல்லையா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. தண்டவாளம் துண்டாகி நன்றாக விலகியிருந்தால் சத்தம் போடும். அந்த விலகலை, பாதையில் நடந்து சோதிக்கும் ரயில்வே ஊழியரான கீமேன் பத்தடி தூரத்திலேயே பார்த்துவிடுவார். முடி அளவு விரிசல் வேண்டுமென்றால், இந்த இடத்து இரும்பும் பக்கத்து இடத்து இரும்பும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு காயில், அவற்றின் வித்தியாசத்தை மட்டும் வெளியே தரும் ஒரு சமனச் சுற்று (பிரிட்ஜ்), ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போதும். மேசைமேல் செய்து ஓட்டிப் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம். எலெக்ட்ரானிக்ஸ் இதில் சுலபமான பாதி. காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அசையாமல் வைப்பதுதான் கஷ்டம். பலர் கோட்டை விடுவதும் அங்கேதான்.

எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

காயிலில் 20 கிலோ ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தை விட்டு இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், இரும்பின் மேல்தோலில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். தண்டவாள எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள் என்பதால் அந்த ஓட்டம் ஆழமாக இறங்காது. இந்த அதிர்வெண்ணில் சுமார் 0.2 மி.மீ. வரைதான். அப்படியானால் 2 மி.மீ. ஆழ விரிசல் எப்படித் தெரிகிறது? ஓட்டத்தால் விரிசலைத் தாண்ட முடியாது. அதன் சுவரோடு கீழே இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறி வர வேண்டும். பாதை நீள்வதால் காயிலின் இம்பிடன்ஸ், அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, மாறுகிறது. விரிசல் ஆழமாக ஆழமாக மாற்றமும் கூடும். ஆனால் ஆழம் காயிலின் அளவை நெருங்கும்போது இந்தக் கூடுதல் சுருங்கிவிடும். 0.5 மி.மீ. ஆழத்தையும் 1 மி.மீ. ஆழத்தையும் எளிதாகப் பிரிக்கலாம். 4-ஐயும் 6-ஐயும் பிரிப்பது சிரமம்.

ஆகவே இது மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலுக்கான கருவி. சக்கரத்தின் விளிம்பு உரசும் உள்மூலையில், அதாவது கேஜ் கார்னரில், வரிவரியாகப் படரும் நுண்விரிசல்கள் இதற்குப் பொருத்தமான இரை. 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நான்கு உயிர்களைப் பலிவாங்கிய விபத்துக்குக் காரணம் அந்த வகை விரிசல்தான்.

தண்டவாளத் தலையின் உள்ளே, மேற்பரப்பைத் தொடாமல் வளரும் விரிசல் இதற்குத் தெரியாது. அது மீயொலிச் சோதனையின் வேலை. நம் ரயில்வேயில் தள்ளுவண்டியில் வைத்து ஓட்டும் யு.எஸ்.எஃப்.டி. கருவி 0 பாகை, 70 பாகை ஆய்வுமுனைகளால் அதைத் தேடுகிறது. மீயொலி தடுமாறுவது மேற்பரப்பை ஒட்டிய பகுதியில். காயில் கெட்டியாக நிற்பதும் அங்கேதான். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. உப்பளக் காற்று வீசும் ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்தில் தண்டவாளத்தின் பாதத்தைத் துரு தின்பதையும் இது பார்க்காது, ஏனென்றால் காயில் ஓடுவது தலைமேல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஜல்லி அடித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது நினைவிருக்கும். அந்தத் தண்டவாளத்தின்மேல் இந்தக் கருவியை ஓட்டியிருந்தால் ‘விரிசல் இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பேட்டையானாலும் பாவூர்சத்திரமானாலும், சோதனை செய்கிறேன் என்று ஓடும் பாதையில் இறங்கக் கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அது குற்றம். பாதையோரம் கிடக்கும் துண்டுத் தண்டவாளத்தைத் தூக்கி வருவது அதைவிடப் பெரிய வம்பு. ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் விரிசலை எங்காவது பார்த்தால் பக்கத்து கேட் கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ சொல்லுங்கள், 139-க்கும் அழைக்கலாம். நம் வேலை முழுக்க மேசைமேல்தான்.

வாங்க வேண்டியவை

220 மைக்ரோ ஹென்றி டிரம் சோக், 6 மி.மீ. விட்டத்தில், பத்து. நம் காயில் இதுதான். கவசம் இல்லாத வகையாக இருக்க வேண்டும்; சுற்றிலும் ஃபெரைட் மூடியவற்றில் புலம் வெளியே வராது. எஸ்.டி.எம்.32 எஃப்103 போர்டு ஒன்று. ஏ.டி.620 பெருக்கி சிப் ஒன்று, காயில்களுக்கு அலையை ஊட்ட எல்.எம்.386 ஆடியோ பெருக்கி சிப் ஒன்று. 100 ஓம் பத்துச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, 1 சதவீதத் துல்லியத்தில் 100 ஓம் மின்தடை இரண்டு, 10 கிலோ ஓம் பிரீசெட் ஒன்று, ஷாட்கி டயோடு இரண்டு. ஏ.டி.620-க்கு 9 வோல்ட் பேட்டரி இரண்டு. எல்.எம்.386-க்குத் தனியாக ஆறு பென்டார்ச் செல்; 9 வோல்ட் பேட்டரி அதற்குச் சீக்கிரம் இறங்கிவிடும். உள்ளூரில் கிடைக்காத சிப்பை ஆன்லைனிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிக்கொள்ளலாம். காயிலை நீங்களே சுற்ற விரும்பினால் 36 கேஜ் எனாமல் கம்பியை மோட்டார் கட்டும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

செல்போன் சார்ஜர், அடாப்டர் எதையும் இதற்குள் கொண்டுவர வேண்டாம். அவற்றின் சுவிட்சிங் இரைச்சல் நம் அளவுக்குள் புகுந்துவிடும். லேப்டாப்பையும் சார்ஜரைக் கழற்றிவிட்டே பயன்படுத்துங்கள்.

சோதனைப் பட்டை: 50 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன், 300 மி.மீ. நீளமுள்ள இரும்புப் பட்டை. எடை சுமார் 1.4 கிலோ, இரும்புக் கடையில் வெட்டித் தருவார்கள். மேலே உள்ள கரிய செதிலை எமெரி தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

1. பட்டையில் வெட்டுப் போடுதல்

ஒரு முனையிலிருந்து 60, 120, 180, 240 மி.மீ. தூரங்களில் குறுக்காகக் கோடு போட்டு, ஹேக்சா பிளேடால் 0.5, 1, 2, 4 மி.மீ. ஆழத்துக்கு அறுக்கவும். அகலம் முழுக்க அறுத்தால் பக்கவாட்டிலிருந்து ஆழத்தைப் பார்த்து அளக்க முடியும். முனைக்கு மிக அருகில் வெட்டுப் போடக் கூடாது. பட்டை முடியும் இடமே ஒரு பெரிய விரிசல் மாதிரி சைகை கொடுத்து, பக்கத்தில் உள்ளதை விழுங்கிவிடும்.

ஹேக்சா வெட்டு ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். நிஜ விரிசல் வாய் மூடியிருக்கும், உள்ளே இரு சுவர்களும் ஆங்காங்கே தொட்டுக்கொண்டிருக்கும், ஓட்டம் அந்த இடங்களில் கடந்துவிடும். அதனால் அதே ஆழமுள்ள நிஜ விரிசலின் சைகை சிறியதாக வரும். வயர் கட் வசதியுள்ள பட்டறை கிடைத்தால் சுமார் 0.3 மி.மீ. அகலத்தில் இரண்டாவது பட்டை ஒன்று செய்துகொள்வது நல்லது. பணம் செலவழிக்கத் தகுந்த இடம் இது. விலையுயர்ந்த சிப்புகள் பிறகு.

2. ஜோடி சேர்த்தல்

பத்துச் சோக்கையும் எல்.சி.ஆர். மீட்டரில் அளந்து, இன்டக்டன்ஸ் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் இரண்டை எடுங்கள். மின்தடையும் ஒத்துப்போனால் இன்னும் நல்லது. பத்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக, அடிப்பகுதிகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கண்ணாடிமேல் நிறுத்தி, அரால்டைட் ஊற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் உறைய விடுங்கள். ஒன்று அரை மி.மீ. தூக்கி நின்றாலும் பிற்பாடு எந்தப் பொட்டென்ஷியோமீட்டராலும் அதைச் சரிக்கட்ட முடியாது. இறுகியபின் எமெரி தாளில் அடிப்பகுதியைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் ஒரு அடுக்கு டெஃப்லான் டேப் ஒட்டவும். இரு காயில்களும் உள்ள இந்தத் துண்டைத்தான் இனி ‘முனை’ என்கிறோம்.

3. சமனச் சுற்று

இரு காயில்களும் தொடராக ஒரு கை. இரு 100 ஓம் மின்தடைகளும் அவற்றுக்கு நடுவே பொட்டென்ஷியோமீட்டரும் மறு கை. இரண்டு கைகளுக்கும் ஒரே மூலத்திலிருந்து அலை. காயில்களின் நடுப்புள்ளியும் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலும் ஏ.டி.620-இன் இரு உள்ளீடுகளுக்குப் போகும். அதன் பெருக்கத்தை ஒரே மின்தடை முடிவு செய்கிறது. 1 கிலோ ஓம் போட்டால் சுமார் 50 மடங்கு. ரெஃபரன்ஸ் காலை 1.65 வோல்ட்டில் நிறுத்துங்கள்; வெறும் மின்தடைப் பிரிப்பான் போதாது, ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வழியாகத் தர வேண்டும். வெளியீட்டில் 1 கிலோ ஓம் தொடர் மின்தடையும், 3.3 வோல்ட்டுக்கும் தரைக்கும் ஒவ்வொரு ஷாட்கி டயோடும் கட்டாயம். இதை விட்டுவிட்டால் முனையை முதல்முறை பட்டையிலிருந்து தூக்கும்போதே போர்டின் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) போய்விடலாம்.

ஓட்டி (காயில்களுக்கு அலை தரும் பகுதி): மைக்ரோகண்ட்ரோலரின் டைமர் தரும் சதுர அலை, 1 கிலோ ஓம் – 10 நானோ ஃபாரட் வடிகட்டி இரண்டடுக்கு, பிறகு பிரீசெட், பிறகு எல்.எம்.386. வெளியீட்டில் 220 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாகச் சமனச் சுற்றுக்கு. பிரீசெட்டைத் திருப்பி உச்சிக்கு உச்சி 4 வோல்ட் வரவைத்தால் போதும். கூட்டினால் எல்.எம்.386 அலையின் தலையைச் சீவிவிடும்.

4. அலையும் அளவும் ஒரே கடிகாரத்தில்

தனி அலை உருவாக்கும் மாட்யூல் வாங்கி மாட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அதன் படிகமும் போர்டின் படிகமும் துல்லியமாக ஒத்துப்போகாது. அசையாமல் வைத்திருக்கும்போதே அளவு மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். போர்டின் 72 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரத்தையே இரண்டுக்கும் பயன்படுத்துங்கள்: ஒரு டைமர் 3600 எண்ணிக்கைக்கு ஒருமுறை சுற்றினால் 20 கிலோ ஹெர்ட்ஸ், இன்னொன்று 900-க்கு ஒருமுறை ஏ.டி.சி.-யைத் தட்டினால் ஓர் அலைக்குச் சரியாக நான்கு மாதிரிகள்.

முதல் மாதிரியிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஒரு எண். இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் இன்னொரு எண். 200 அலைகளுக்கு இவற்றைக் கூட்டுங்கள். வினாடிக்கு 100 முறை ஒரு ஜோடி எண் கிடைக்கும். அலையின் வீச்சும் கட்டமும் (ஃபேஸ்) அதற்குள் இருக்கின்றன. தனி டிடெக்டர் சுற்று வேண்டாம்.

சதுர அலையை 50 சதவீதத்தில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 3600-க்கு 1200-இல் வையுங்கள். அப்போது மூன்றாம் சீரிசை, அதாவது சதுர அலையில் கலந்திருக்கும் 60 கிலோ ஹெர்ட்ஸ் அலை, அடியோடு மறைந்துவிடும். நான்கு மாதிரி முறையில் அது நேராக நம் அளவுக்குள் வந்து விழக்கூடியது, வடிகட்டி மட்டும் அதை முழுக்கத் தடுக்காது. இரட்டைப்படைச் சீரிசைகளைக் கழித்தலே கவனித்துக்கொள்ளும்.

5. சமப்படுத்துதல்

முனையைப் பட்டையில் வெட்டில்லாத இடத்தில் வைத்து, ஏ.டி.620 வெளியீடு மிகச் சிறிதாகும் வரை பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பவும். முழுச் சுழி (பூஜ்யம்) வராது. ஒரு பொட்டென்ஷியோமீட்டரால் வீச்சைத்தான் சரிசெய்ய முடியும், கட்டத்தை முடியாது. உச்சிக்கு உச்சி 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் போதும், மீதியை மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம். சுற்றுக்கு மின்சாரம் கொடுத்துப் பத்து நிமிடம் கழித்துச் செய்யுங்கள். காயிலின் தாமிரம் சூடேறும்போது ஒவ்வொரு பாகைக்கும் அதன் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும்.

6. இடைவெளியின் திசையைக் கண்டுபிடித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கருவி எல்லாவற்றுக்கும் கத்தும். இரு எண்களையும் கிடையச்சு, நெடுக்கையச்சாக வைத்துத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டுங்கள். ஜெராக்ஸ் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். ஒரு காயிலுக்கு அடியில் மட்டும் ஒரு தாள், இரண்டு, ஐந்து என்று செருகிப் பாருங்கள். புள்ளி ஏதோ ஒரு சாய்வில் நகரும். அந்தச் சாய்வுதான் இடைவெளியின் திசை. இப்போது வெட்டுகளின்மேல் ஓட்டுங்கள். புள்ளி வேறு சாய்வில் போய்த் திரும்பும். மொத்தப் படத்தையும் சுழற்றி இடைவெளியின் திசையைக் கிடையாகப் படுக்க வைத்துவிட்டால், நெடுக்கையச்சில் மிஞ்சுவது பெரும்பாலும் விரிசல்தான். சுழற்றுவதற்கு ஒரு சைன், ஒரு கொசைன், நான்கு பெருக்கல்; அவ்வளவே.

இரு திசைகளும் மிகவும் நெருங்கியிருந்தால் அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள். 10 கிலோ ஹெர்ட்ஸிலும் 40 கிலோ ஹெர்ட்ஸிலும் கோணம் வேறாக இருக்கும். டைமர் எண்ணிக்கைகளை இரட்டிப்பாக்கினால் 10; ஓட்டும் வீச்சைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

7. ஓட்டுதல்

கையால் பிடித்து ஓட்டினால் சாய்வு வரும், சாய்வு விரிசலாக வேடம் போடும். நான்கு 608 பேரிங்கைச் சக்கரமாக வைத்து ஒரு சின்ன வண்டி செய்து, முனையை அதில் திருகாணியால் ஏற்றி இறக்கும்படி பொருத்தவும். பட்டைக்கும் முனைக்கும் இடையே ஐந்து தாள் செருகி, திருகாணியை இறுக்கி, தாளை உருவுங்கள். 0.5 மி.மீ. இடைவெளி வந்துவிட்டது. இரு காயில்களும் ஓடும் திசையில் முன்னும் பின்னுமாக இருக்க வேண்டும்.

வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஓட்டினால் 0.5 மி.மீ.-க்கு ஓர் அளவு கிடைக்கும். ஒவ்வொரு வெட்டிலும் முன்காயில் கடக்கும்போது ஒரு மேடு, பின்காயில் கடக்கும்போது ஒரு பள்ளம். மேடும் பள்ளமும் ஜோடியாக, காயில்களின் இடைத்தூரத்துக்கு ஒத்த நீளத்தில் வந்தால் அது விரிசல். மேடு மட்டும் வந்து பள்ளம் வராவிட்டால் வண்டி குதித்திருக்கிறது. வெட்டில்லாத இடத்தில் ஓட்டி இரைச்சலின் உயரத்தை அளந்து, அதைப்போல் மூன்று மடங்கில் எச்சரிக்கைக் கோட்டைப் போடுங்கள். 0.5 மி.மீ. வெட்டு அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் பெருக்கத்தைக் கூட்டாதீர்கள், இரைச்சலும் கூடவே வளரும். இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள்.

வழக்கமாகக் கெடுவது எங்கே

எதன்மேல் வைத்தாலும் ஒரே எண் வந்தால் ஏ.டி.620 உச்சத்தில் முட்டி நிற்கிறது. சமனச் சுற்றைத் திரும்பப் பாருங்கள். வண்டி நிற்கும்போதும் அளவு ஒரே பக்கமாக நகர்ந்தால் வெயில் ஒரு காயில்மேல் மட்டும் படுகிறதா என்று கவனிக்கவும். மதுரை ரோட்டுப் பட்டறையில் தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் இதைச் செய்தால் நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மென்பொருளில் மெதுவான மாற்றங்களைக் கழிக்கும் வடிகட்டி போடலாம். ஆனால் அதை அதிகம் இறுக்கினால், மெதுவாக ஓட்டும்போது விரிசலையும் சேர்த்துக் கழித்துவிடும்.

விரிசல் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் இரு காயில்களும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். ஒன்றையொன்று கழித்துச் சுழியாகிவிடும். தொடக்கமும் முடிவும் மட்டும் தெரியும். முனையை 45 பாகை திருப்பி இன்னொரு முறை ஓட்டுவதுதான் வழி.

முன்பு காந்தம் ஒட்டிய இடம், வெல்டிங் செய்த இடம், சுத்தியல் பட்ட இடம் எல்லாம் இரும்பின் காந்தக் குணத்தை மாற்றியிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காயிலுக்குத் தெரியும். பட்டையைக் காந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பாழாக்க வேண்டாம்.

நிஜத் தண்டவாளத்தில் என்ன மாறும்

ரயில்வேயின் அனுமதியோடு, ஏலத்தில் முறையாக வாங்கிய துண்டு கல்லூரிக்குக் கிடைத்தால் தெரியும்: மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் ஒரு அடி நீளமே 18 கிலோ கனம், தலை அகலம் 72 மி.மீ. எஃகு வேறு என்பதால் கடைப்பட்டையில் கண்டுபிடித்த கோணம் இங்கே செல்லாது. 6-ஆம் படியை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். இரு தண்டவாளங்களை உருக்கி இணைத்த தெர்மிட் வெல்டின்மேல் போகும்போது பெரிய சைகை வரும், பயப்பட வேண்டாம். அது பல செ.மீ. நீளத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். விரிசலோ ஓரிரு செ.மீ.-க்குள் முடிந்துவிடும். சைகையின் நீளத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

கேஜ் கார்னர் விரிசல்கள் நேர்க்குத்தாக இறங்குவதில்லை. மேற்பரப்போடு சாய்ந்து, படுத்தவாறு உள்ளே போகின்றன. காயில் சொல்வது சாய்வு நீளத்தைச் சார்ந்த அளவு, செங்குத்து ஆழம் அல்ல. 3 மி.மீ. என்று திரை காட்டினால் 3 மி.மீ. தேய்த்தெடுக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

மின்ரயில் ஓடும் பாதையில் தண்டவாளமே திரும்பு மின்னோட்டத்தின் வழி. 50 ஹெர்ட்ஸ் புலம் காயிலில் ஏறும். 20 கிலோ ஹெர்ட்ஸை மட்டும் கேட்கும் நம் முறை அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆனால் நிரந்தரக் காந்தத்தையும் காந்தப் புலத்தை அளக்கும் ஹால் சென்சரையும் வைத்துக் கசியும் புலத்தைத் தேடும் முறைக்குப் போகிறவர்கள் அந்த 50 ஹெர்ட்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்த முறைக்கு நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: கடற்கரை மணலில் இல்மனைட் கலந்திருக்கிறது, வலுவான காந்தம் அதையும் பிரேக் கட்டைத் தூளையும் மீசைபோல் அப்பிக்கொள்ளும். காயிலுக்கு அந்தக் கவலை இல்லை. உப்புக்காற்றுதான் அதற்கு எதிரி. இணைப்புகளை சாலிடர் செய்து அரால்டைட்டால் மூடுங்கள், செருகும் கனெக்டரை நம்பாதீர்கள்.

வேகத்தைக் கூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நடை வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால், 200 அலைகளைக் கூட்டும் முறையில் 10 மி.மீ.-க்கு ஒரு அளவுதான் வரும். விரிசல் நடுவில் நழுவிவிடும். 20 அலைகளாகக் குறைத்தால் 1 மி.மீ.-க்கு ஒன்று கிடைக்கும், ஆனால் இரைச்சல் சுமார் 3 மடங்கு ஏறும். மேசையில் 0.5 மி.மீ. வெட்டு கோட்டை மூன்று மடங்குக்கு மேல் தாண்டி நின்றிருந்தால்தான் நடை வேகத்திலும் அது தெரியும். ஒரு ஜோடி காயில் பார்க்கும் அகலம் ஏறக்குறைய அதன் விட்டம்தான் என்பதால், கேஜ் கார்னர் முழுவதையும் மூட நான்கு ஜோடியாவது வளைவுக்கு ஏற்பச் சாய்த்து வைக்க வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்றின் புலம் அடுத்ததில் விழும். மாறி மாறி ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அளவுகள் கால்வாசியாகும். அப்போது நடை வேகத்தையும் கால்வாசியாக்க வேண்டியதுதான்.